அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகங்களில் தகுதி உதவித்தொகையைத் தேடும் முறை

அமெரிக்காவின் பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்குத் தகுதி உதவித்தொகை (பொருளாதாரத் தேவையைப் பாராமல் கல்வித் தகுதிக்காகத் தரப்படுவது) தேடுவோர், முதலில் பல பல்கலைக்கழகங்கள் வெளியிடும் ‘காமன் டேட்டா செட்’ என்னும் ஆண்டுத் தரவறிக்கையை எடுத்து, அதன் எச்2ஏ பகுதியைப் படிக்க வேண்டும். பொருளாதாரத் தேவை இல்லாத மாணவர்களுள் எத்தனை பேருக்கு, சராசரியாக எவ்வளவு தொகை வழங்கப்பட்டது என்பது அங்கே இருக்கும். அந்த எண்ணிக்கையை மொத்த மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், விளம்பர வாசகங்கள் சொல்லாத உண்மை புலப்படும். வெளிநாட்டு மாணவர்கள், தங்களைப் போன்றோருக்கு வழங்கப்பட்ட உதவியைக் காட்டும் எச்6 பகுதியைப் பார்க்கலாம்.

அலபாமா பல்கலைக்கழகம் போன்றவை, பள்ளி மதிப்பெண் சராசரியையும் எஸ்ஏடி அல்லது ஏசிடி என்னும் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண்ணையும் வைத்து உதவித்தொகையை அட்டவணையாகவே வெளியிடுவதால், கிடைக்கக்கூடிய தொகையை முன்கூட்டியே கணிக்கலாம். இப்படி அட்டவணைப்படி அல்லாமல், விண்ணப்பித்தோருள் சிலரைத் தேர்ந்தெடுத்துத் தரும் போட்டிமுறை உதவித்தொகைகளின் காலக்கெடு சேர்க்கைக் கெடுவுக்கு முன்பே முடிந்துவிடுவதுண்டு. தொகை 4 ஆண்டுகளும் தொடர கல்லூரியில் எந்த மதிப்பெண் சராசரியைக் காக்க வேண்டும் என்பதையும் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ள வேண்டும்.