அம்மாவின் பழைய கணினி

யூடியூப் பார்க்க அம்மா வைத்திருப்பது 4-ஆம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர் உள்ள கணினி. ஆன் செய்துவிட்டுக் காபி போட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். திறந்து பார்த்தால் பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி தூசி! பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் என்ற சூடு கடத்தும் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசினேன். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்). வேகம் வந்தது அதனால்தான். ரேம் 8 ஜிபி. விண்டோஸ் 11 இந்தப் பிராசசரை ஏற்காது, 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. சரி, இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டேன்.

அப்புறமும் வீடியோ திக்கியது. யூடியூப் விபி9 என்ற முறையில் சுருக்கி அனுப்பும் வீடியோவை விரித்துக் காட்டத் தனி வசதி இந்தச் சிப்பில் இல்லை. முழுப் பாரமும் பிராசசர் தலையில். எச்.264 என்ற பழைய சுருக்கு முறைக்கு அந்த வசதி உண்டு; அதனால் யூடியூபிடம் எச்.264 வீடியோவை மட்டும் கேட்கும் எக்ஸ்டென்ஷனை (கூடுதல் நிரல்) பிரவுசரில் சேர்த்தேன். இப்போது 1080-இல் திக்காமல் ஓடுகிறது.