தோலைப் பிய்க்கும் பழக்கம்: ஓ.பி. கவுன்டரில் என்ன சொல்வது?

முகப்பரு, பொருக்கு, நகக்கண் ஓரத்துத் தோல் என்று கை தானாகப் போகிறது. ரத்தம் வந்த பிறகுதான் தெரிகிறது. 2013-ல் வெளியான டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியல்) இதை ஓசிடி, அதாவது ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் நோயின் குடும்பத்தில் தனி நோயாகவே சேர்த்துவிட்டது. "கைய வச்சிட்டு சும்மா இரு, கேட்டியா" என்று வீட்டில் அதட்டுவதால் நிற்காது.

1. எது என்று பிரித்துப் பாருங்கள்

டிவி பார்க்கும்போது, கண்ணாடி முன்னால், படிக்கும்போது கை போனால் அது பிய்ப்புப் பழக்கம். மனவேதனை தாங்காமல், உடம்பு நோகட்டும் என்றே செய்தால் அது தன்காயம். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். இரண்டுக்கும் மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும், ஆனால் சிகிச்சை வேறு.

சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மீதியைப் படிக்க வேண்டாம். 14416 (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், இரவும் பகலும், தமிழில் பேசலாம்) அல்லது 108-ஐ இப்போதே அழையுங்கள். பக்கத்தில் ஒருவரை இருக்கச் சொல்லுங்கள்.

2. ஒரு வாரக் குறிப்பு

நேரம், இடம், எந்தக் கை, அதற்கு முன் என்ன நடந்தது, எத்தனை நிமிடம். காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். போன் ஆப் வேண்டாம்: ஒரு கை போனில், மறு கை தாடையில் என்றுதான் பாதிப் பிய்ப்பு நடக்கிறது. தன்காயம் என்றால் இந்த ஒரு வாரத்துக்குக் காத்திராமல் உடனே போங்கள்.

3. ஆஸ்பத்திரி

நாகர்கோவில் பக்கம் என்றால் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ். மார்த்தாண்டம், குழித்துறை பக்கத்தவர்களுக்குத் தக்கலை அரசு ஆஸ்பத்திரி கிட்டம். மனநல மருத்துவர் என்றைக்கு இருப்பார் என்று முதலிலேயே கேட்டுவிட்டுக் காலையிலேயே போங்கள்.

பலருக்கும் சறுக்குவது ஓ.பி. சீட்டு போடும் இடத்தில்தான். பின்னால் வரிசை நிற்கிறது, "என்ன செய்யுது?" என்று கேட்கிறார்கள், வாயில் "சொறி" என்று வந்துவிடுகிறது. சீட்டு தோல் பிரிவுக்குப் போகும், களிம்பு கிடைக்கும், புண் ஆறும், கை அதை மறுபடி பிய்த்துவிடும். ஆகவே கவுன்டரில் "மனநல ஓ.பி." என்று மட்டும் சொல்லுங்கள். காரணத்தை அங்கே விளக்க வேண்டியதில்லை.

உள்ளே வாய் எழவில்லை என்றால் துண்டுச் சீட்டை நீட்டுங்கள்: "இந்தப் புண்களை என் கைதான் உண்டாக்கியது. இத்தனை மாதமாக. நிறுத்த முயன்றும் முடியவில்லை." தன்காயம் என்றால் அதையும், சாகும் எண்ணம் வந்ததா இல்லையா என்பதையும் எழுதுங்கள். மருத்துவர் எப்படியும் கேட்பார். 2017 மனநலச் சட்டப்படி சொன்னதை அவர் ரகசியமாக வைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

உண்மையிலேயே அரிப்பு இருந்தால் தோல் மருத்துவரும் வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை நாள்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும், பிய்ப்பது இன்னும் எளிதாகும்.

4. சிகிச்சை

பிய்ப்புக்கு முக்கியமானது பழக்கத்தை மாற்றும் பயிற்சி. அஸ்ரின், நன் என்ற உளவியலாளர்கள் 1973-ல் வகுத்தது. கை கிளம்பும் கணத்தைப் பிடித்து, முஷ்டியை இறுக்கி ஒரு நிமிடமாவது வைத்திருப்பது. கை முகத்தைத் தொட்ட பிறகு இறுக்கினால் பலன் குறைவு. குறிப்பு எழுதச் சொன்னதே அந்தக் கணத்தைக் கண்டுபிடிக்கத்தான். மாத்திரை கொடுத்தால் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

5. புண்

சோப்பும் தண்ணீரும் போதும். மஞ்சள்தூள், தேயிலைத்தூள் வேண்டாம். நம்மூர் வியர்வைக்குச் சாதாரண பிளாஸ்டர் கழன்றுவிடும். தோலோடு படிந்து ஒட்டும் ஜெல் போன்ற ஹைட்ரோகொலாய்டு ஒட்டுதான் என் தேர்வு, நகம் பிடிக்க விளிம்பே கிடைக்காது. சீழ் உள்ள புண்ணில் ஒட்டாதீர்கள். சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பிற்சேர்க்கை, பெற்றோருக்கு: தினமும் சட்டைக்கையைத் தூக்கிப் புண்ணை எண்ணாதீர்கள், பிள்ளை மறைக்கத்தான் பழகும். தன்காயம் என்றால் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் தோட்டத்துப் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள். இரண்டாவது முறை வரச் சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள். பழைய சீட்டையும் குறிப்புத் தாளையும் சேர்த்தே கொண்டு போங்கள்.