புது அலாய் போட்டதும் டயர் விளக்கு எரிகிறதா? சென்சாரைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

அலாய் வீல் மாற்றி, கடையை விட்டு வெளியே வந்து சில கிலோமீட்டர் போவதற்குள் மீட்டரில் டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பின் (டிபிஎம்எஸ்) மஞ்சள் விளக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். உடனே பலர் செய்வது காற்றுப் பிடிப்பது. அதற்கும் அணையாவிட்டால் புது சென்சார் வாங்குவது. பெரும்பாலும் முன்னது வீண் வேலை, பின்னது வீண் செலவு.

முதலில் விளக்கு எப்படி எரிகிறது என்று பாருங்கள். இக்னிஷன் போட்டதும் 60 முதல் 90 வினாடி விட்டுவிட்டு மின்னி, பிறகு நிலையாக எரிந்தால் சிஸ்டத்தில் கோளாறு என்று பொருள். ஏதோ ஒரு சென்சாரின் குரல் காருக்குக் கேட்கவில்லை. எத்தனை காற்று அடித்தாலும் இது போகாது. மின்னாமல் எடுத்த எடுப்பிலேயே நிலையாக எரிந்தால்தான் காற்று குறைவு.

அடுத்த தவறு, உங்கள் காரில் இருப்பது எந்த வகை டிபிஎம்எஸ் என்று தெரியாமலே வேலையைத் தொடங்குவது. நேரடி வகையில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு சேர்ந்த ஒரு சென்சார், பேட்டரியோடு உட்கார்ந்திருக்கும். நான்கு டயரின் அளவையும் தனித்தனியாகத் திரையில் காட்டும் கார் இந்த வகை. மறைமுக வகையில் சக்கரத்துக்குள் எதுவும் இல்லை. காற்று குறைந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் சுருங்கும், அதனால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். இதை, பிரேக்குக்காகச் சக்கர வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சார்களை வைத்தே கணக்கிட்டுவிடுகிறார்கள். இந்த வகைக் கார் வைத்திருப்பவர் கடையில் நான்கு சென்சார் வாங்கிப் போட்டால் கடைக்காரருக்கு மட்டுமே லாபம். வெறும் விளக்கு மட்டும் உள்ள கார் எந்த வகை என்பதை ஓனர்ஸ் மேனுவலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ரப்பர் வால்வு இருக்கிறதே என்று முடிவு கட்ட வேண்டாம், ரப்பர் தண்டு வைத்த சென்சார்களும் உண்டு.

நேரடி வகையில் நடக்கும் மிகப் பெரிய தவறு எக்ஸ்சேஞ்ச். பழைய ரிம்மையும் டயரையும் கொடுத்துவிட்டுப் புது செட் வாங்கும்போது, பழைய ரிம்முக்குள் இருக்கும் நான்கு சென்சார்களும் சேர்ந்தே போய்விடும். புது அலாயில் சாதாரண ரப்பர் வால்வைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். ‘சென்சாரைக் கழற்றிப் புது ரிம்மில் போட்டுக் கொடுங்கள்’ என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஆனால் கார் ஆறேழு வருடம் ஓடியிருந்தால் பழைய சென்சாரையே புது ரிம்மில் போடுவதில் அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் பேட்டரியின் ஆயுள் 5 முதல் 10 வருடம்தான். அதைத் தனியாக மாற்றவும் முடியாது. டயர் கழன்றிருக்கும் நேரத்தில் புதிதாகப் போடுவதே சிக்கனம்.

புதிதாக வாங்கும்போது விலையை மட்டும் பார்த்து வெளிநாட்டுச் சரக்கை ஆன்லைனில் எடுப்பது இன்னொரு பொறி. அமெரிக்கச் சந்தைக்கான சென்சார்களில் பல 315 மெகாஹெர்ட்ஸில் பேசும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் புழங்குவது 433 மெகாஹெர்ட்ஸ். அலைவரிசை பொருந்தினாலும் போதாது, காரின் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய மொழியில் அது பேச வேண்டும். ‘யுனிவர்சல்’ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் வெற்றுப் பலகை. மாடலைத் தேர்ந்தெடுத்து டூல் வைத்து எழுதினால்தான் உயிர்பெறும். ஆகவே டயரை ரிம்மில் ஏற்றும் முன்பே நான்கையும் டிபிஎம்எஸ் டூலால் எழுப்பி, அடையாள எண் வருகிறதா, பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, எண்களை எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைத் தவறவிட்டால் டயரை மறுபடி கழற்ற வேண்டும், மறுபடி பேலன்சிங் செய்ய வேண்டும்.

பொருத்தும்போது நடக்கும் சேதம்தான் அதிகம். அலாயின் உள்வடிவம் கம்பெனி ரிம்மைப் போல இருக்காது. சென்சார் பெட்டி, டயரின் ஓரமான பீட் உட்காரும் விளிம்பைவிட மேலே துருத்திக்கொண்டு நின்றால், டயர் ஏறும்போதே அதை நசுக்கிவிடும். வால்வை மாட்டி, டயர் இல்லாமல் ஒருமுறை பார்வையிட வேண்டும். இடிக்கிறது என்றால் கோணம் மாற்றக்கூடிய தண்டு உள்ள சென்சார் தேவை. வால்வு ஓட்டை 11.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்றும், ஓட்டையைச் சுற்றி பவுடர் கோட்டிங் மேடுதட்டி இருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். அந்த மேட்டில் ரப்பர் சீல் சரியாக உட்காராமல் வாரத்துக்கு இரண்டு பி.எஸ்.ஐ. கசியும். கடைசியில் பழி சென்சார் மேல் விழும்.

உலோகத் தண்டு வால்வின் நட்டைச் சக்கர நட்டு முடுக்குவது போல முடுக்கக் கூடாது. சென்சார் தயாரிப்பாளர் தரும் அளவு பெரும்பாலும் 4 முதல் 8 நியூட்டன் மீட்டருக்குள்தான் இருக்கும். முடுக்கும் விசையை அளக்கும் சின்ன டார்க் ரெஞ்ச் இல்லாத கடையில் தண்டு விரிசல் விடுவது சகஜம். பழைய சென்சாரையே போட்டால் சீல், நட்டு, வால்வு கோர் (தண்டுக்குள் காற்றை அடைக்கும் ஊசி), மூடி நான்கும் அடங்கிய கிட்டைப் புதிதாகப் போட வேண்டும். கோர் நிக்கல் பூசியதாக இருக்கட்டும். அலுமினியத் தண்டுக்குள் சாதாரணப் பித்தளை கோரைத் திருகினால் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும். அழகுக்காகப் போடும் உலோக மூடிக்கும் இதே கதிதான். டயரைக் கழற்றும்போது பீட் உடைக்கும் தட்டு வால்வுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும் என்பதை மெஷின்காரருக்கு நினைவூட்டத் தயங்க வேண்டாம்.

எல்லாம் சரியாகப் பொருத்திய பிறகும் விளக்கு எரிந்தால் பதறாதீர்கள். வண்டி நிற்கும்போது சென்சார்கள் தூங்கும். புதிய எண்களைத் தானே கற்றுக்கொள்ளும் கார்களில்கூட, சிறிது வேகத்தில் 10 முதல் 20 நிமிடம் ஓட்டினால்தான் பதிவாகும். சில கார்களில் காரைப் புது எண்களைக் கற்கும் ‘ரீலேர்ன்’ நிலைக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு சக்கரமாக டூலைக் காட்ட வேண்டும். இன்னும் சிலவற்றில் காரின் கோளாறு பார்க்கும் ஓபிடி சாக்கெட் வழியாக எண்களை எழுதியே ஆக வேண்டும், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் தானாகப் பதிவாகாது.

மறைமுக வகைக்கு இவ்வளவு பாடு இல்லை. ஆனால் ஒரே ஒரு தவறு எல்லாவற்றையும் கெடுக்கும்: காற்றுச் சரிபார்க்காமல் ரீசெட் அழுத்துவது. அப்போது இருக்கும் குறைந்த அளவையே ‘இதுதான் சரி’ என்று கார் மனப்பாடம் செய்துகொள்ளும், பிறகு எச்சரிக்கையே வராது. குளிர்ந்த டயரில் காற்றுப் பிடித்து, பிறகு ரீசெட். அலாயோ டயரோ மாற்றினால், இடம் மாற்றிப் போட்டால், ஒவ்வொரு முறையும் இதே வரிசை. ஸ்டெப்னி வேறு அளவாக இருந்தால் அதை மாட்டியதும் விளக்கு எரியும், அது கோளாறில்லை.

காற்றின் அளவிலும் கை வைக்காதீர்கள். நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயர் 33-க்குப் பதில் 37 காட்டுகிறதே என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலை குளிர்ந்ததும் விளக்கு வரும். கிட்டத்தட்ட 5.5 டிகிரி செல்சியஸுக்கு 1 பி.எஸ்.ஐ. கூடும், குறையும். மலையேறுபவர்களுக்கு இன்னொன்று: மலைமேல் வெளிக்காற்றழுத்தம் குறைந்தாலும், பல சென்சார்கள் கடல்மட்டக் காற்றழுத்தத்தையே கழித்துக் கணக்கிடும். கொடைக்கானலில் கேஜ் வைத்து 33 பிடித்தால் திரையில் சுமார் 30தான் தெரியலாம். கேஜும் பொய் சொல்லவில்லை, சென்சாரும் பொய் சொல்லவில்லை.

இத்தனைக்கும் பிறகு திரையில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் அளவுக்குப் பதில் கோடு வந்தால் அந்த வால்வருகே டூலை வைத்துப் பாருங்கள். டூலுக்கே கேட்கவில்லை என்றால் சென்சார் போய்விட்டது. டூல் படிக்கிறது, காருக்குத் தெரியவில்லை என்றால் எண் பதிவாகவில்லை. நான்கையும் டூல் படித்து, கார் எதையுமே காட்டாவிட்டால் அலைவரிசையையும் மாடல் தேர்வையும் பாருங்கள். அதுவும் சரி என்றால், புதிதாக மாட்டிய டேஷ்கேம், மலிவு விலை மொபைல் சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.