ரேஞ்சுக்குத் துப்பாக்கி கொண்டு போகிறீர்களா? காகிதங்களை முதலில் எடுத்து வையுங்கள்

லைசன்ஸைத் துப்பாக்கிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். ரேஞ்ச் என்ற சுடுதளத்தில் பயிற்சி செய்ய எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். செக்போஸ்ட்டில் காவலர் கேட்டால், காகிதத்தை எடுக்க நடுரோட்டில் பெட்டியைத் திறக்க வேண்டி வரும். உள்ளே ரைஃபிள் தெரிந்ததும் அவருக்கும் பதற்றம், உங்களுக்கும் பதற்றம். என் பாயிண்ட் டூ டூ (.22 அளவு) ரைஃபிள் டிக்கியில் இருக்கும். அதன் காகிதங்கள் என் தோள்பையில், ஜிப் போட்ட ஃபைலில் இருக்கும். பெட்டியைத் திறக்காமலே அவர் கேட்பதற்கெல்லாம் அந்த ஃபைலிலிருந்து பதில் எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும்.

முதலில் அசல் லைசன்ஸ். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 19ஆம் பிரிவுப்படி, ஆயுதத்தோடு போகிறவரிடம் எந்தக் காவல் அதிகாரியும் லைசன்ஸைக் காட்டச் சொல்லலாம். காட்டாவிட்டால் துப்பாக்கியைக் கைப்பற்றும் அதிகாரமும் அவருக்கு உண்டு. ஜெராக்ஸை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். அது வீட்டு அலமாரியில் இருக்கட்டும். அசல் தொலைந்தால் உதவும்.

கிளம்புவதற்கு முந்தின இரவு லைசன்ஸைப் பிரித்துப் படியுங்கள். அதிலுள்ள எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசன்ஸ் 3 ஆண்டுக்குப் பதில் 5 ஆண்டுக்குக் கிடைக்கிறது. நீண்ட காலம் என்பதாலேயே தேதி மறந்துபோகிறது. புதுப்பிக்கக் கொடுத்திருந்தால், கையில் வரும்வரை துப்பாக்கியோடு வெளியே கிளம்பாதீர்கள் என்பது என் கருத்து. அதுவரை கிளப் துப்பாக்கியில் பயிற்சி செய்யலாம்.

பலர் படிக்காமல் விடுவது எல்லையைச் சொல்லும் வரியை. லைசன்ஸ் எந்தப் பகுதியில் செல்லுபடியாகும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று இருந்தால், டெல்லி கர்ணி சிங் ரேஞ்சில் நடக்கும் போட்டிக்கு அதை வைத்துக்கொண்டு ரயில் ஏற முடியாது. போட்டி அறிவிப்பு வந்த வாரமே, லைசன்ஸ் கொடுத்த அலுவலகத்தில் எல்லையை விரிவாக்க விண்ணப்பியுங்கள். போட்டிக்கான நுழைவுக் கடிதம், கிளப் உறுப்பினர் அட்டை, ஆதார் மூன்றும் அதே ஃபைலில் இருக்கட்டும். எங்கே, எதற்காகப் போகிறீர்கள் என்பதை அந்தக் கடிதம் ஒரு நொடியில் சொல்லிவிடும்.

தோட்டா வாங்கிய பில்லையும் சேர்த்து வையுங்கள். லைசன்ஸில் எழுதிய அளவுக்கு மேல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நான் அன்றைய பயிற்சிக்குத் தேவையானதை மட்டும் எண்ணி, தனிப் பெட்டியில் எடுத்துப் போவேன். துப்பாக்கி காலியாக, உறைக்குள், வெளியே துளியும் தெரியாமல் இருக்க வேண்டும். பொது இடத்தில் முழுக்க மூடி, உங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. சாப்பிட இறங்கும்போது காரிலேயே விட்டுப் போவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

"அண்ணன் எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்பார்கள். நீங்கள் கூடவே இருந்தால் வரலாம். இல்லையென்றால் உங்கள் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அதுவும் பழுதுபார்க்க, லைசன்ஸ் புதுப்பிக்க, அல்லது நீங்கள் பயன்படுத்துவதற்காகக் கொண்டுவர என்றால் மட்டுமே. கடிதத்தில் லைசன்ஸ் எண், துப்பாக்கி எண், தேதி, காரணம், கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். ஆனாலும் நீங்களே எடுத்துப் போவதுதான் நல்லது.

தேர்தல் அறிவித்துவிட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒப்படைத்தால் ரசீதை வாங்கி அதே ஃபைலில் வையுங்கள். பயிற்சிக்காக விலக்கு கேட்டிருந்தால், உத்தரவு எழுத்தில் கைக்கு வந்த பிறகே வண்டியை எடுங்கள். "சொல்லியாச்சு, போங்க" என்ற வாய்வார்த்தையை வழியில் யாரிடமும் காட்ட முடியாது.