வடசென்னையிலிருந்து அமெரிக்கா வந்தவர்களுக்கு: ஸ்லோ குக்கரில் விலா எலும்பு

வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்குகிற கறி, அன்று விடியற்காலை அறுத்தது. பத்து மணிக்குக் குக்கரில் ஏறினால் ஆறு விசிலில் இறங்கிவிடும். ஐஸில் வைத்த கறி என்றால் நம் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். இங்கே வந்த முதல் வாரமே அந்தப் பழக்கம் உடைந்துவிடுகிறது. ஹலால் கடை ஆட்டு விலா பெரும்பாலும் கருங்கல் மாதிரி உறைந்துதான் கிடைக்கும். பன்றி விலாவைத் தள்ளுபடியில் மூன்று நான்காக வாங்கி நாமே ஃப்ரீசரில் அடுக்கிவிடுவோம்.

புளியந்தோப்பிலிருந்து புதிதாக வந்த நண்பர் ஒருவர், அப்படி உறைந்த இரண்டு கிலோவைக் காலை ஏழு மணிக்கு ஸ்லோ குக்கரில் (மணிக்கணக்காக மெல்ல வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம்) போட்டு, 'லோ' என்ற குறைந்த சூட்டில் திருப்பிவிட்டு வேலைக்குப் போனார். அன்று இரவு அதைச் சாப்பிட்ட மூன்று பேருக்கும் விடிய விடிய வாந்தி. "நல்லாத்தான்ணா வெந்துச்சு, எலும்புலேர்ந்து கறி கழண்டு வந்துச்சு" என்று இன்னும் சொல்கிறார். வெந்தது உண்மைதான். வேகிறதற்கு முன்னால் நடந்ததுதான் ஆளைச் சாய்த்தது.

ஸ்லோ குக்கர் இழுப்பது 200 முதல் 300 வாட் வரைதான். அயர்ன் பாக்ஸில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 4 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். இங்கத்திய கணக்கில் 40 முதல் 140 ஃபாரன்ஹீட். உறைந்த கறி அந்த இடைவெளியைத் தாண்ட மணிக்கணக்காகும். அதற்குள் சில கிருமிகள் நஞ்சைக் கக்கி வைத்துவிடும். கிருமி கொதியில் சாகும்; ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி விடுகிற நஞ்சு கொதித்தாலும் அழியாது. "சுட வெச்சா எல்லாம் செத்துடும்" என்று பாட்டி சொன்னது அன்றைக்கு அறுத்த கறிக்குச் சரி. இதற்குப் பொருந்தாது.

ஆகவே முழுதாக உருகிய கறியை மட்டும் போடுங்கள். முதல் நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், தட்டுக்குள் வையுங்கள். இரண்டு கிலோவுக்கு 24 மணி நேரம் கணக்கு. மறந்துவிட்டால், காற்று போகாத பையில் கட்டி, குளிர்ந்த தண்ணீரில் முக்கி, அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்றுங்கள். ஒன்றரைக் கிலோ இரண்டு மூன்று மணியில் இளகும், உடனே சமைத்துவிட வேண்டும். சமையல் மேடையில் இரவெல்லாம் வைப்பது கூடாது. 'வார்ம்' என்ற நிலை வெந்ததைச் சூடாக வைத்திருக்க மட்டும்தான், அதில் பச்சைக் கறி வேகாது.

குக்கர் வாங்குவதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. நாலு பேருக்கு ஆறு குவார்ட், அதாவது ஐந்தரை லிட்டருக்குச் சற்று மேல். இதை ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள். 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் 230 வோல்ட்டில் மூன்றரை மடங்குக்கு மேல் மின்சாரம் இழுத்துக் கருகிவிடும்.

பன்றி விலாவில் 'பேபி பேக்' மெலிந்தது, 'ஸ்பேர் ரிப்ஸ்' கொழுப்பு கூடியது. மாட்டில் 'ஷார்ட் ரிப்ஸ்' கேளுங்கள். பன்றி விலா முழுப் பலகையாகத்தான் வரும். அதன் உள்பக்கம், எலும்பு தெரிகிற பக்கத்தில், பாலாடை மாதிரி வெளுத்த சவ்வு ஒட்டியிருக்கும். ஓரத்து எலும்பின் மேல் மழுங்கின கத்தியை நுழைத்து நெம்புங்கள். விரல் போகும் அளவு கிளம்பியதும் பேப்பர் டவலால் பிடித்து இழுத்தால் சரசரவென்று ஒரே துண்டாக உரிந்து வரும். வெறும் விரலில் வழுக்கும். உரிக்காமல் விட்டால் எட்டு மணி நேரம் கழித்தும் ரப்பர்தான், மசாலாவும் அந்தப் பக்கம் இறங்காது.

நம் ஆட்கள் அடுத்துத் தவறுவது மசாலாவில். ஸ்லோ குக்கர் வதக்காது. வெங்காயத்தையும் இஞ்சி பூண்டையும் பச்சையாகக் கொட்டினால் இரவு திறக்கும்போதும் பச்சை வாசனைதான் அடிக்கும். ஒன்றரைக் கிலோவுக்கு: மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் இரண்டு பெரிய வெங்காயம் சிவக்க வேண்டும், பிறகு இரண்டு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தக்காளி, பெட்டியில் ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, உப்பு மூன்று தேக்கரண்டி. எண்ணெய் பிரிகிறவரை வதக்குங்கள். கிராம்பும் பட்டையும் வழக்கத்தில் பாதி போதும், நீண்ட நேரத்தில் தூக்கலாகிவிடும். பன்றிக்கு மட்டும் மூன்று மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள். பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர் வீட்டு விண்டாலுவை, அந்த வினிகர் போட்ட கறியை, சாப்பிட்டவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் அரை கப், அதற்கு மேல் வேண்டாம். இதில் ஆவி வெளியே போகாது, கறியே தண்ணீர் விடும். பிரஷர் குக்கர் கையோடு இரண்டு டம்ளர் ஊற்றினால் கிடைப்பது எலும்பு சூப். விலாப் பலகையை இரண்டாக வெட்டி, சதைப்பக்கம் பாத்திரத்தின் சுவரைப் பார்க்க நிமிர்த்தி நிறுத்துங்கள். உருளைக்கிழங்கு போட்டால் அடியில் போடுங்கள், கறியைவிட அது மெதுவாக வேகும். பாத்திரம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரம்பக் கூடாது. வதக்கின மசாலா சூடாகவே உள்ளே போகட்டும்.

முதல் ஒரு மணி நேரம் 'ஹை', பிறகு 'லோ'. 'லோ'வில் பேபி பேக்கும் ஆட்டு விலாவும் ஆறேழு மணி, ஸ்பேர் ரிப்ஸ் ஏழெட்டு, மாடு எட்டொன்பது. மூடியைத் திறந்து பார்க்கிற ஒவ்வொரு தடவைக்கும் இருபது முப்பது நிமிடம் கூடுகிறது. கண்ணாடி மூடி வழியாகவே பாருங்கள். எலும்பின் நுனியில் சதை ஒரு சென்டிமீட்டர் ஏறியிருந்து, குத்திய கம்பி தடங்கலில்லாமல் போனால் பதம். அதற்கு மேல் விட்டால் கறி நார் நாராகிவிடும். தேங்காய்ப்பால் கடைசி அரை மணியில், இல்லையென்றால் திரிந்துவிடும்.

இந்த நிலையில் பரிமாறாதீர்கள், அவித்த கறி மாதிரி வெளிறி இருக்கும். நமக்கு வேண்டியது சுக்கா. எலும்புகளைப் பிரித்து, இரும்புச் சட்டியில் சாறு இரண்டு கரண்டி, இடித்த மிளகு ஒரு மேசைக்கரண்டி, சோம்புத்தூள், கறிவேப்பிலை சேர்த்துப் பெரிய தீயில் புரட்டுங்கள். ஓரம் கருத்து மசாலா எலும்பைக் கவ்வும்போது புகை அலாரம் கத்தும். ஜன்னலை முன்கூட்டியே திறந்து வையுங்கள்.

மிஞ்சின சாற்றை அகலமான டப்பாக்களில் மெலிசாக ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே உறைந்த கொழுப்பை வழித்து எடுத்துவிட்டு அடுப்பில் கொதிக்க வையுங்கள், ஸ்லோ குக்கரில் அல்ல. பரோட்டாவுக்குச் சால்னா தயார்.