ஓட்டை மூடிய பிறகு செய்யக்கூடாதவை

தண்டையார்பேட்டையில் என் பெரியம்மா வீட்டு வாசலில் தினமும் புள்ளிக் கோலம்தான். ஒரு நாள் கோலமாவு பட்டு இடது கண்ணைக் கசக்கினார். அப்போதுதான் நடுப்புள்ளியைக் காணோம் என்று தெரிந்தது. வலது கண்ணின் விழித்திரை நடுவே, மேகுலாவில், ஓட்டை விழுந்திருந்தது. ஆபரேஷன் ஆனது. ஆறாவது வாரம், விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனைப் பார்த்த டாக்டர், ஓட்டை நன்றாக மூடிவிட்டது என்றார். நாங்கள் சந்தோஷப்பட்டோம். பெரியம்மாவோ வீட்டுக்கு வந்து, "ஜன்னல் கம்பி இன்னும் கோணலாத்தான்டா தெரியுது" என்று அழுதார்.

ஓட்டை மூடியதும் பார்வை வந்துவிடும் என்று நாள் குறிப்பதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது. ஓட்டை சில நாட்களிலேயே மூடலாம். ஆனால் அந்த இடத்தில் ஒளியை வாங்கும் செல்கள் மறுபடி சீராக மாதங்கள் ஆகும். முதல் 3 முதல் 6 மாதத்தில் முன்னேற்றம் நன்றாகத் தெரியும். அப்புறமும் ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு வரை மெல்லக் கூடும். பெரியம்மா தினமும் காலையில் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு தேதி காலண்டரைப் பார்த்து மனசொடிந்து போவார். மாதம் ஒரு முறை போதும், அதே இடம், அதே வெளிச்சம் என்று மாற்றினோம். முதல் மாதம் தேதி எண்ணே நசுங்கித் தெரிந்தது. நான்காம் மாதம் கீழே பொடி எழுத்தில் இருந்த ராகு காலத்தைத் தடுமாறியபடியே வாசித்தார்.

பழைய பார்வை முழுசாகத் திரும்பும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஓட்டை 400 மைக்ரானுக்கு (0.4 மில்லிமீட்டர்) மேல் இருந்தாலோ, நெடுநாள் கவனிக்காமல் விட்டிருந்தாலோ, திரும்புவது குறையும். கொஞ்சம் கோணல் தங்கிவிடவும் செய்யலாம்.

ஆரம்ப வாரங்களின் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். குப்புறப் படுக்கச் சொன்ன நாட்களில் நலம் விசாரிக்க வருகிறவர்களுக்காக எழுந்து உட்கார வேண்டாம், வந்தவர்கள் புரிந்துகொள்வார்கள். ஓட்டை மூடுவதற்காக ஆபரேஷனில் கண்ணுக்குள் விட்ட கேஸ், வகையைப் பொறுத்து இரண்டு மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை இருக்கும். டம்ளரில் தண்ணீர் மட்டம் ஆடுவதுபோல ஒரு கோடு தெரியும். நாளாக நாளாக அது கீழே இறங்கி, கடைசியில் சின்ன உருண்டையாகிக் கரைந்துபோகும். அதுவரை விமானம் ஏறவே கூடாது. உயரத்தில் கேஸ் விரிந்து, கண் அழுத்தம் ஏறி, பார்வையே போகலாம். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா திருப்பதிக்கு வரேன்" என்று வேண்டிக்கொண்டவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். திருமலையே 800 மீட்டருக்கு மேல். டாக்டரைக் கேட்காமல் எந்த மலையும் ஏற வேண்டாம். ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பட்டையையும் கேஸ் கரையும்வரை கழற்றாதீர்கள். அவசரமாக வேறு ஆபரேஷன் வந்தால், மயக்கத்துக்கு நைட்ரஸ் ஆக்சைடு கொடுக்கக்கூடாது என்று அதுதான் சொல்லும்.

மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீட்டிப்பதும் ஆபத்து. சிலருக்கு அதனாலேயே கண் அழுத்தம் ஏறும். கண்ணாடியையும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள், பவர் நிலைக்கட்டும்.

அடுத்த தவறு, ஒரு வருஷம் கழித்து நடப்பது. தெளிந்துகொண்டிருந்த கண் மறுபடி மங்கும். பெரியம்மாவுக்கும் மங்கியது. "காசு கொட்டினது வீண்" என்று அக்கம்பக்கத்தில் பேச, அவர் செக்கப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டார். கெஞ்சித்தான் அழைத்துப் போனேன். ஓட்டை மூடியபடியே இருந்தது, வந்திருந்தது கண்புரை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு, ஏற்கெனவே புரை எடுத்து லென்ஸ் வைத்துக்கொள்ளாத 50 வயது தாண்டியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வருஷத்துக்குள் புரை வளரும். அதை எடுத்த பிறகுதான் எவ்வளவு பார்வை மிஞ்சியது என்றே தெரியும். பாதியில் விட்டால், கிடைக்க வேண்டியதும் கிடைக்காது.

ஒன்றை மட்டும் மறுநாளுக்குத் தள்ளக்கூடாது. மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் திடீரென்று மிதந்தாலோ, ஓரத்திலிருந்து திரை விழுவதுபோல இருந்தாலோ, விழித்திரை பிரிந்திருக்கலாம். அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நமக்குத் தூரமில்லை.

இன்னொரு கண்ணையும் மறக்காதீர்கள். பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு அதிலும் ஓட்டை வரலாம். பெரியம்மா இப்போதெல்லாம் கோலம் முடித்ததும் வலது கண்ணைப் பொத்தி, இடது கண்ணால் நடுப்புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்.