கரைப்பறவைத் திருவிழா நடத்த வேண்டுமா? ஓத அட்டவணையை எடுங்கள்

நீர்க்கரைச் சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளுக்கு விழா எடுக்கப் போகிறோம் என்று யாராவது வந்து நின்றால் நான் முதலில் கேட்பது, "ஓத அட்டவணை பார்த்தாச்சா?" என்றுதான். கடல்நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் அட்டவணை அது. பெரும்பாலும் மண்டபம் பதிவாகியிருக்கும், சிறப்பு விருந்தினரிடம் தேதி வாங்கியிருப்பார்கள், பதாகைக்கு வண்ணம்கூட முடிவாகியிருக்கும். அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறும் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் சேற்றுவெளி முழுக்கப் பரவி, தொலைதூரத்தில் புள்ளிகளாக மேயும். கூட்டிவந்த கூட்டத்துக்குப் புள்ளியைக் காட்டி "இதுதான் வலசைப் பறவை" என்றால் யார் நம்புவார்கள்? தண்ணீர் ஏற ஏற மேய்ச்சல் நிலம் சுருங்கும், பறவைகள் கரையை நோக்கி வரும். உச்ச ஏற்றத்துக்கு மூன்று மணி முன்பிலிருந்து ஒரு மணி முன்பு வரை உள்ள நேரம்தான் உங்கள் விழாவின் உயிர். அதன்பின் அவை ஒதுங்குமிடம் தேடிப் போய் ஒற்றைக்காலில் நின்று ஓய்வெடுக்கும். அங்கே கூட்டத்தை அழைத்துப் போகாதீர்கள், பத்துப் பேரைக்கூட.

பல கரைகளில் இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம் இருக்கும். அதனால் ஏற்றம் நாளுக்கு 50 நிமிடம் போலத் தள்ளிப் போகும். விருந்தினருக்காக விழாவை ஒரு வாரம் ஒத்திவைத்தால், காலை எட்டு மணி ஏற்றம் பிற்பகல் இரண்டுக்குப் போய்விடும். அப்போது உங்கள் நிகழ்ச்சி நிரல் தலைகீழ். ஒரு நாளைக்கு ஒரே ஏற்றம் உள்ள கரைகளும் உண்டு. ஓதமே பெரிதாகத் தெரியாத காயல்களும் உண்டு, அங்கே நீர்மட்டத்தைக் காற்றுதான் ஆளும். அட்டவணையை மட்டும் நம்பாமல், அந்தக் கரையில் வலை வீசுபவரையும் மட்டி பொறுக்குபவரையும் கேளுங்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருவோதத்தில் தண்ணீர் மிக உயரமாக ஏறும். பறவைகள் நெருங்கி வரும் என்பது உண்மைதான். ஆனால் அவை ஒதுங்கி நிற்கும் இடமும் அன்றுதான் மிகக் குறுகலாக இருக்கும், விரட்டினால் போக்கிடம் இருக்காது. தண்ணீர் குறைவாக ஏறும் சிறுவோதத்திலோ சேறு முழுதாக மூழ்காது, பறவைகள் தூரத்திலேயே நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள நாட்களைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

பருவம் அடுத்த கேள்வி. அலாஸ்காவின் கொர்டோவா ஊரில் மே முதல் வாரத்தையொட்டி விழா நடக்கிறது. காப்பர் ஆற்றுக் கழிமுகத்தில் உள்ளான்கள் பெருந்திரளாக வந்திறங்கும் சமயம் அது. தங்கள் கரைக்கு எது பருவமோ அதைப் பிடித்துக்கொண்டார்கள். செப்டம்பர் 6 உலகக் கரைப்பறவை நாள். மே, அக்டோபர் மாதங்களின் இரண்டாம் சனிக்கிழமை உலக வலசைப் பறவை நாள். அந்த நாட்களில் உங்கள் கரையில் பறவை இருந்தால் சரி, இல்லையென்றால் அந்த நாட்களை விட்டுவிடுங்கள். குளிர்காலத்தைக் கழிக்கப் பறவைகள் வந்து தங்கும் கரை என்றால், பருவத்தின் நடுப்பகுதியே நல்லது. கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் அவற்றின் மேல் செம்பழுப்பு ஏறி அழகாகத்தான் இருக்கும், படம் எடுப்பவர்கள் கெஞ்சுவார்கள். ஆனால் நெடும்பயணத்துக்குக் கொழுப்பு சேர்க்கும் நேரம் அது. ஒவ்வொரு முறை எழுந்து பறக்கும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் கரையும்.

ஆட்கள் வருவதற்கு முன்பே கரையில் கயிறு கட்டிவிடுங்கள். எவ்வளவு தூரம் என்று மீட்டரில் கேட்காதீர்கள், பறவையே சொல்லும். மேய்ந்துகொண்டிருந்தது நிமிர்ந்து பார்த்தால், ஒற்றைக்காலில் தூங்கியது இரண்டாவது காலை ஊன்றினால், கூட்டம் மெல்ல நடந்து விலகத் தொடங்கினால், அதிகமாக நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். விழாவுக்கு முந்தைய வாரம் இரண்டு பேர் போய் இதைப் பார்த்துவைத்து, அதற்கும் நன்றாகப் பின்னால் கயிறு கட்டட்டும். காலை நேரமென்றால் வெயில் முதுகில் விழும்படி இடம் பாருங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

ட்ரோன், பலூன், வாணவேடிக்கை, கடலைப் பார்த்த ஒலிபெருக்கி, கயிறில்லாத நாய், எதுவும் வேண்டாம். கடற்கரை விழா என்றதும் யாராவது பட்டம் விடலாம் என்பார். மேலே மிதக்கும் பட்டத்தைப் பறவைகள் பருந்தாகவே எடுத்துக்கொள்ளும், கூட்டம் முழுக்க எழும். பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் அனுமதியை மாதங்களுக்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

தொலைநோக்கிக்கு ஒருவர் வீதம் பேசத் தெரிந்த தன்னார்வலர் நிற்க வேண்டும். கருவி எத்தனை என்பதைவிட இதுதான் முக்கியம். ஒரு கருவியையாவது குழந்தைகளும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் பார்க்கும்படி தாழ்வாக வையுங்கள். முதல்முறை பார்ப்பவரிடம் இனப்பெயர்களை அடுக்காதீர்கள், அது மேயும் விதத்தைக் காட்டுங்கள். உப்புக்கொத்தி ஓடும், சட்டென நிற்கும், பார்க்கும், கொத்தும். பெரிய கண்ணை நம்பி வாழும் பறவை. உள்ளான் தலை நிமிராமல் தையல் இயந்திரம் போலச் சேற்றைக் குத்திக்கொண்டே போகும். அதன் அலகு நுனியில் தொடு உணர்வு அவ்வளவு நுட்பம். நீண்ட அலகுக்காரர்கள் பலருக்கு, அலகு சேற்றுக்குள் புதைந்திருக்கும்போதே நுனியை மட்டும் திறந்து இரையைப் பற்ற முடியும். இதைச் சொல்லிவிட்டுத் தொலைநோக்கியைக் கொடுத்துப் பாருங்கள், வரிசையில் அடுத்தவர் சலித்துப்போகும் வரை விடமாட்டார்கள்.

ஏற்றம் முடிந்த ஓய்வு நேரத்தில் கூட்டத்தை உள்ளே கூட்டிப் போங்கள். பேச்சைக் குறைத்து விளையாட்டைக் கூட்டுங்கள். 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் இளம் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில், எங்கும் இறங்காமல் பறந்தது. செயற்கைக்கோள் கருவி பதிவு செய்த பயணம் அது. ஒரு சென்டிமீட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று வைத்தால் 13.56 மீட்டர் கயிறு. சுவர் நெடுகக் கட்டி, ஏறத்தாழ 1.23 மீட்டருக்கு ஒரு துணி முடிச்சு போடுங்கள். முடிச்சுக்கு முடிச்சு ஒரு நாள். பக்கத்திலேயே 25 கிராம் மணல் உள்ள சிறு பையை வையுங்கள், ஒரு கொசு உள்ளானின் எடை அந்த அளவில்தான் இருக்கும். பையைக் கையில் வாங்கியதும் பெரியவர்களே பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

வலசை ஆட்டம் கட்டாயம் வேண்டும். அறையின் இரு முனைகளும் கூடுகட்டும் நிலமும் குளிர்கால நிலமும். நடுவில் வளையங்கள், அவைதான் வழியில் இறங்கும் சதுப்புகள். குழந்தைகள் வளையத்துக்கு வளையம் தாவி வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வளையத்தை எடுத்துவிடுங்கள், இடமில்லாதவர் வெளியே. எடுக்கும்போது காரணம் சொல்லுங்கள். தென்கொரியாவில் சேமாங்கம் கழிமுகத்தை 33 கிலோமீட்டர் நீளத் தடுப்புச் சுவர் 2006இல் அடைத்தது. அங்கே இறங்கி இரை தேடிய பெரிய உள்ளான் என்ற இனப் பறவைகள் ஏராளமாகக் குறைந்தன. சுற்று முடிந்ததும் ஒரு வளையத்தைத் திருப்பி வையுங்கள், மீட்ட சதுப்பு என்று. இல்லாவிட்டால் சின்னவர்கள் அழுதுவிடுகிறார்கள்.

தண்ணீர் வற்றியதும் சேற்று நடை. இதை நடத்த வேண்டியவர் கரையில் பிழைப்பவர். சேற்றில் எங்கே கால் புதையும், எந்தத் துளைக்குள் நண்டு, எதற்குள் புழு என்று அவருக்குத் தெரியும். அவருக்கு நிபுணருக்குரிய சம்பளம் கொடுங்கள், பொன்னாடையோடு முடித்துக்கொள்ளாதீர்கள். பறவைகள் மேயும் பக்கம் போகாமல் ஒரு மூலையில் நடத்துங்கள். தோண்டிய உயிர்களைப் பார்த்ததும் அதே இடத்தில் விட்டு, மண்ணை மூடச் சொல்லுங்கள்.

ஆய்வாளர்கள் காலில் சிறு வண்ணக் கொடி கட்டிய பறவை கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளப் பழக்குங்கள்: கொடியின் நிறம், எழுத்து, இடது காலா வலது காலா, நடு மூட்டுக்கு மேலா கீழா. இடம் வலம் என்பது பறவையின் பக்கம், பார்ப்பவரின் பக்கம் அல்ல. அந்தக் குறிப்பைக் கொடி கட்டியவர்களுக்கு அனுப்பினால், அது எங்கே கட்டப்பட்டது என்ற பதில் வரும். பறவையைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு அந்தப் பதிலைத் தவறாமல் தெரிவியுங்கள்.

ஒரு வேலை பாக்கி. விழாவுக்கு முந்தைய நாள், விழா நாள், மறுநாள் ஆகிய மூன்றிலும் உச்ச ஏற்றத்தின்போது, ஒதுங்கி நிற்கும் பறவைகளைத் தூரத்திலிருந்து எண்ணுங்கள். பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து அடைக்கும் இடத்தை மனதில் பதித்து, கூட்டம் முழுக்க அதை அளந்து போவதுதான் முறை. விழா நாளில் தொகை சரிந்திருந்தால் காற்று எப்படி இருந்தது, பருந்து வந்ததா என்றும் பாருங்கள். ஓதம் சற்றேறக்குறைய அதே உயரம் ஏறும் வேறொரு நாளில், கூட்டமில்லாதபோது, மீண்டும் எண்ணி ஒப்பிடுங்கள். அப்போதும் விழா நாள் கணக்கே குறைவு என்றால், அடுத்த ஆண்டு கயிறு இன்னும் பின்னால் போக வேண்டும்.